‘பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வருதே!’ - ஈமு கோழியில் கொங்கு மண்டலம் ஏமாந்தது எப்படி?

ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 6 ஈமு குஞ்சுகள். கொட்டகையும் தீனியும் கம்பெனி பொறுப்பு. வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க, வருஷத்துக்கு 48 சதவீதம்! எந்த பேங்க்கும் தராத வருமானம்.

2012 ஆகஸ்ட்டில் பெருந்துறை சுசி ஈமு நிறுவனம் முடங்கியது. புகார்கள் குவிந்தன. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீனி போட வேண்டியதாயிற்று. பின்னர் கோவை டான்பிட் சிறப்பு நீதிமன்றம் உரிமையாளருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது.

சரி, இந்தக் கறியை யார் வாங்கப் போகிறார்கள் என்று ஏன் பலரும் கேட்கவில்லை?

‘பேராசைதாங்க’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது தனி மனிதரை மட்டும் பார்க்கும் பதில். அவர் வாழும் ஊர், உறவு, பொருளாதாரம் எல்லாம் சேர்ந்து அவர் மனதை எப்படி வடிவமைக்கின்றன என்று பார்ப்பது சமுதாய உளவியல். ஹில்டே ஹிம்மல்வைட், ஜார்ஜ் கேஸ்கெல் இருவரும் தொகுத்து, இந்தத் துறையின் பெயரிலேயே ஒரு நூல் 1990-ல் வெளிவந்தது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் படம் மாறுகிறது. கிணற்றில் தண்ணீர் இல்லை, தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, நிலம் சும்மா கிடக்கிறது. அப்போதுதான் மச்சான் வந்து சொல்கிறார்: “எனக்கு மாசாமாசம் கரெக்டா வருதுங்க மாப்ளே.” அவர் பொய் சொல்லவில்லை. ஆரம்பத்தில் நிஜமாகவே வந்தது. விளம்பரத்தை நம்பாதவர்கூட மச்சானை நம்பினார்.

இதே நம்பிக்கைதான் திருப்பூரையும் வளர்த்தது என்பதை மறந்துவிடக் கூடாது. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கவுண்டர் தொழிலாளிகள் பனியன் கம்பெனி முதலாளிகளானதை ஷரத் சாரி 2004-ல் புத்தகமாகவே எழுதினார். உழைப்போடு உறவும் அங்கே மூலதனம். அதை ‘மூட நம்பிக்கை’ என்று யாரும் சொல்வதில்லையே!

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனை பிரபலம். எந்தக் கோடு சம நீளம் என்பது கண்ணுக்கே தெரியும். ஆனாலும் மற்றவர்கள் ஒன்றுபோல் தப்பாகச் சொன்னபோது, சுமார் மூன்றில் ஒரு பங்கு பதில்கள் தப்பாகவே வந்தன. அத்தனைக்கும் அவர்கள் சொந்தக்காரர்கள்கூட இல்லை! கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது.

ஊரில் அந்த ஒருவராக இருப்பதுதான் கஷ்டம். விருந்தில் உட்கார்ந்து “லாபம் எங்கிருந்துங்க வருது?” என்று கேட்டால், “உனக்குப் பொறாமை” என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடுவார்கள்.