வீடு நம் கையில் – 9: டைல்ஸுக்கு அடியில்

சென்ற வாரம் சமையலறை மேடையோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் குளியலறைத் தரை. வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் டைல்ஸ் கடைகளில் நிறம், அளவு, வழுக்குமா வழுக்காதா என்று மணிக்கணக்கில் பார்க்கின்றன. அந்த டைல்ஸுக்கு அடியில் போகும் வாட்டர்ப்ரூஃபிங் பற்றி ஒப்பந்ததாரரிடம் ஒரு கேள்வி கேட்பவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். பத்து ஆண்டு கழித்துச் சண்டை வருவது அந்த அடிப்பகுதியால்தான்.

ஊரில் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குளியலறை கசிந்தால் நம் சுவர்தான் ஊறும். சிங்கப்பூரில் குடியிருப்போரில் 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இருக்கிறோம். இங்கே நம் குளியலறைத் தரை இன்னொரு குடும்பத்தின் குளியலறை விதானம். தேக்காவில் பஃபலோ ரோட்டு அடுக்குமாடியானாலும் பொங்கோலில் நேற்றுச் சாவி வாங்கிய வீடானாலும் இது ஒன்றுதான். பல பழைய கட்டடங்களில் மேல்வீட்டுக் கழிவுக்குழாய்கள் நம் விதானத்துக்குக் கீழே வெளிப்படையாகவே ஓடுகின்றன. அழகுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டு அவற்றை மறைக்கிறோம். மறைப்பது தவறில்லை. ஆனால் திறந்து பார்க்க ஒரு கதவு வைக்காமல் மறைக்காதீர்கள். அந்தக் குழாயின் இணைப்பு கசியத் தொடங்கினால், விதானம் முழுதும் ஊறிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும். டைல்ஸுக்கு இடையே பூசும் கலவை தடுக்காது. குளிக்கும்போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாகக் கீழே இருக்கும் சிமெண்ட் படுகைக்குள் இறங்குகிறது. ஸ்கிரீட் என்று நம் தொழிலாளர்கள் சொல்லும் அந்தப் படுகை எப்போதும் சற்று ஈரமாகவே இருக்கும். அதற்கும் கீழே, கான்கிரீட் தளத்தின் மேல் பூசிய மெம்பிரேன்தான் உண்மையான அணை. அது மூலையில் பிய்ந்தாலோ, குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் விட்டுப்போனாலோ, கீழ்வீட்டு விதானத்தில் முதலில் மஞ்சள் திட்டு தெரியும். பிறகு வண்ணப்பூச்சு கொப்பளிக்கும். சில இடங்களில் வெள்ளை உப்புப் படிவு தொங்கும். அப்படியே விட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, விதானம் பெயர்ந்து விழத் தொடங்கும்.

புதிய வீடு வாங்கியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கட்டடம் முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை, சுவர் டைல்ஸை உடைக்க வீவக அனுமதிப்பதில்லை. பலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. எனக்கு இது மிகச் சரியான விதியாகப் படுகிறது. புதிய வீட்டில் அந்த மெம்பிரேன் முறையாகப் போடப்பட்டது. விதானக் கசிவுக்கு 5 ஆண்டு உத்தரவாதமும் இருக்கிறது. பிடிக்காத நிறத்துக்காக அதை உடைத்தெறிவது நல்ல கூரையைப் பிரித்துவிட்டு ஓலை வேய்வதற்குச் சமம். நிறம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டலாம். தரையில் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் ஒப்பந்ததாரரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பழைய வீடு வாங்கி முழுதாக உடைத்துப் போடுபவர்கள்தான் அதிகக் கவனமாக இருக்கவேண்டும். வீவகவின் பதிவுப் பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரர், வேலைக்கான அனுமதிச் சீட்டு, இரண்டும் இல்லாமல் ஒரு டைல்ஸைக்கூடத் தொடவிடாதீர்கள். உடைப்பது போன்ற இரைச்சல் வேலைகள் வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான்.

பழைய டைல்ஸும் ஸ்கிரீட்டும் போனபின் தளத்தைக் கூட்டி, கழுவி, நன்றாகக் காயவிடவேண்டும். தூசியின் மேல் பூசிய மெம்பிரேன் ஒட்டாது. குழாய்கள் தளத்தைத் துளைக்கும் இடங்களைச் சுருங்காத கலவையால் அடைக்கவேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கூர்மையாக விடாமல் சற்று வளைத்துப் பூசவேண்டும். மெம்பிரேன் பெரும்பாலும் கிழிவது அங்கேதான். பிறகு இரண்டு பூச்சு. முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே இரண்டாவது, அதுவும் முதலாவதற்குக் குறுக்காக. சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறவேண்டும். ஷவர் இருக்கும் மூலையில் ஆளுயரத்துக்கு ஏற்றச் சொல்லி நான் வற்புறுத்துவேன். தரை வடிகாலான ஃப்ளோர் டிராப்பின் வாய்க்குள்ளும் அது இறங்கியிருக்கவேண்டும்.

இதற்கு அடுத்ததுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. வடிகாலை அடைத்து, தரை முழுதும் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் அப்படியே விடவேண்டும். மறுநாள் கீழ்வீட்டு விதானத்தைப் போய்ப் பார்க்கவேண்டும். அங்கே ஈரம் இல்லை என்றால் மட்டுமே ஸ்கிரீட், டைல்ஸ். ஒப்பந்ததாரர்கள் இதைத் தவிர்க்க ஆயிரம் காரணம் சொல்வார்கள். அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, அவசரம் நம்முடையதாகவும் இருக்கிறது. இரண்டு குளியலறையையும் ஒரே நாளில் உடைத்துவிட்டு, பிள்ளைகளைக் குளிக்க அத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் தாமதமும் பெரிதுதான். அதனால்தான் சொல்கிறேன்: குடியிருந்தபடியே வேலை செய்வதானால் ஒரு குளியலறையை முடித்து, தண்ணீர் தேக்கிச் சோதித்து, பயன்படுத்தத் தொடங்கிய பிறகே அடுத்ததை உடையுங்கள். செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

ஸ்கிரீட் போடும்போது சரிவைப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது ஃப்ளோர் டிராப்பை நோக்கி இறங்கவேண்டும். டைல்ஸ் பதித்தபின் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்காவது தேங்குகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

எல்லாம் சரியாக முடிந்தபின் கடைசி நாளில் நடக்கும் கெடுதலும் ஒன்று உண்டு. கண்ணாடித் தடுப்புக்கும் கதவு முட்டுக்கும் கழிவறைப் பீங்கானுக்கும் தரையில் துளைபோட்டு ஆணி இறக்குவார்கள். ஆணி ஆழமாக இறங்கினால் அத்தனை பாடுபட்டுப் போட்ட மெம்பிரேனில் ஓட்டை. ஒட்டும் பொருளால் பொருத்த முடிந்ததை ஆணியால் பொருத்தவிடாதீர்கள்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு முன் சமையலறைத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது நமக்கு வழக்கம். வடிகால் இல்லாத சமையலறையில் அந்தத் தண்ணீர் போக இடமில்லை. அலமாரிக்கு அடியிலும் கதவு நிலைக்குள்ளும்தான் போகும். அங்கே துடைத்தெடுங்கள், கழுவாதீர்கள்.

இனி, கசிவு ஏற்கெனவே தொடங்கிவிட்ட வீடுகளுக்கு வருவோம். விதானத்தில் சொட்டு விழுந்ததும் மேல்வீட்டுக் கதவைத் தட்டிக் கோபப்படுவதற்கு முன், அது எப்போது சொட்டுகிறது என்று குறித்துவையுங்கள். இரவு பகலாக நிற்காமல் சொட்டினால், தண்ணீர் வரும் குழாயில் கோளாறு இருக்கலாம். மேல்வீட்டார் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வீட்டுக்கு வெளியே இருக்கும் மீட்டரைப் பார்த்தால் போதும். முள் நகர்ந்தால் சந்தேகம் உறுதியாகும். அப்படியானால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடவேண்டும். மேலே குளிக்கும்போது மட்டும் சொட்டினால் கழிவுக்குழாயோ தரையோ காரணம். வடிகாலுக்குள் மட்டும் நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி ஒரு முறை, தரையில் தேக்கி ஒரு முறை பார்த்தால் இரண்டில் எது என்று பிரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தரை முழுவதையும் உடைத்த பிறகு, குழாய் இணைப்பில் ஒரு வளையம் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு.

செலவை யார் ஏற்பது? வீவக வீடுகளில் விதானக் கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின் கீழ் வந்தால் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்காகப் பகிர்வார்கள். கீழே இருப்பவர்கள் 'எங்கள் தப்பு என்ன?' என்று கேட்பார்கள். தளம் இருவருக்கும் பொது என்பதுதான் அதன் நியாயம். மேல்வீட்டார் கதவே திறக்க மறுத்தால்? 2015ல் சட்டம் திருத்தப்பட்டு, அவசரப் பழுதுக்காக உள்ளே நுழையும் அதிகாரம் வீவகவுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அதுவரை போகவிடாதீர்கள். மேலே இருக்கும் சீன ஆன்ட்டியிடமோ மலாய்க் குடும்பத்திடமோ விதானத்தின் படத்தை நிதானமாகக் காட்டி, 'வந்து பாருங்களேன்' என்று அழைத்தால் பெரும்பாலானவர்கள் வருவார்கள். தனியார் கூட்டுரிமை அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாறாக நிரூபிக்கப்படும்வரை, கசிவுக்கான கோளாறு மேல்வீட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும்.

1997 வரை கட்டப்பட்ட வீவக கட்டடங்களில் இருப்பவர்கள், இல்ல மேம்பாட்டுத் திட்டம் தங்கள் கட்டடத்துக்கு வரவிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கழிவுக்குழாய்களை மாற்றுவதும் குளியலறையைப் புதுப்பிப்பதும் அதில் அடங்கும். குளியலறை போன்ற விருப்ப வேலைகளுக்குக் குடிமக்கள் செலுத்துவது, வீட்டின் வகையைப் பொறுத்து, செலவில் 5 முதல் 12.5 விழுக்காடுதான். உங்கள் கைக்காசைக் கொட்டி முடித்த மறு ஆண்டு அது வந்தால் வருத்தமே மிஞ்சும்.

கடைவீடுகளைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். அங்கே எதைத் தொடுவதற்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் உண்டு. இந்தக் கட்டடங்கள் குழாய்க் கழிப்பறையை மனத்தில் வைத்து எழுந்தவை அல்ல. வாளிக் கழிப்பறை முறை சிங்கப்பூரில் முழுதாக ஒழிந்ததே 1987 ஜனவரியில்தான். பல கடைவீடுகளின் பின்சந்து அந்த வாளிகளை எடுத்துச் செல்ல இருந்த வழி. மாடித்தளம் மரப்பலகை என்றால், மேலே சொன்ன கான்கிரீட் முறை எதுவும் அங்கே அப்படியே பொருந்தாது. மரம் அசையும், அசையும் இடத்தில் மெம்பிரேன் பிளக்கும். அங்கே தகுதிபெற்ற பொறியாளர் ஒருவரைப் பார்க்காமல் மாடியில் குளியலறை வைக்கவேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: தண்ணீர் தேக்கும் சோதனை 24 மணி நேரம் நடக்கும்; அது முடிந்து வீட்டுக்காரர் பார்த்த பிறகே வாட்டர்ப்ரூஃபிங்குக்கான தவணை தரப்படும். மெம்பிரேன் பூசிய தரையை மூலை மூலையாகக் கைப்பேசியில் படமெடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, சோதனைக்கு மறுநாள் அவர்கள் விதானத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம்: அடைத்துக்கொள்ளும் சமையலறைக் குழாய்