இளைய பிள்ளை ஏன் இன்னும் பேசவில்லை?

"மூத்தவன் இந்த வயதில் கதையே சொன்னான், இவள் இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை." முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் தாய்மார் பலர் இவ்வாறு தொடங்குகின்றனர். உடன் வந்த பாட்டியோ, "கடைக்குட்டி மெதுவாத்தான் பேசும்; இவ அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்பார்.

பாட்டியின் சொல்லில் சிறிது உண்மை உண்டு. தலைச்சன் பிள்ளையிடம் வீடே பேசுகிறது. அடுத்தது பிறக்கும்போது தாயின் மடியில் பீடித் தட்டும், அருகில் மூத்தவனின் வீட்டுப்பாடமும் இருக்கின்றன. பேச்சு மட்டுமன்று, கவனிப்பும் பங்காகிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது இந்தியத் தலைச்சன் பிள்ளைகளிடம் உயரக் குறைவு இல்லை. இரண்டாவது பிள்ளையில் தொடங்கிய குறைவு, அடுத்தடுத்த பிள்ளைகளிடம் கூடியது. மூத்த மகனுக்குத் தரப்படும் முன்னுரிமையை முதன்மைக் காரணமாக அவர்கள் கூறினர். பிந்திய கர்ப்பங்களில் தாய்மார் மருத்துவச் சோதனைக்குச் செல்வதும் குறைந்திருந்தது.

தமிழகத்தில் ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரியாக 1.8 என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பங்கிடுவோர் குறைந்துவிட்டனர், பாட்டியின் ஆறுதல் மட்டும் மாறவில்லை.

அந்த ஆறுதலே எங்களுக்குக் கவலை தருகிறது. பிறப்பு வரிசையால் பேச்சில் வரும் வேறுபாடு சிறியது. 18 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். வந்த சொற்கள் மறைந்தால் எந்த வயதிலும் உடனே வரவேண்டும். தாய்மாமன், அத்தை மகன் உறவில் மணம் செய்தோரின் பிள்ளைகளுக்குப் பிறவிச் செவிக்குறைவு கூடுதலாகக் காணப்படுகிறது. அண்ணன் உள்ள வீட்டில் இக்குறை எளிதில் மறைந்துவிடும்: தங்கை கைகாட்டுகிறாள், அவன் எடுத்துத் தருகிறான், பேச வேண்டிய தேவையே எழுவதில்லை. அவன் ஓடினால் அவளும் ஓடுவதால், காது கேட்கிறது என்றே வீட்டார் எண்ணுகின்றனர்.

காலம் தாழ்ந்தால் மூளை ஒலியைக் கற்கும் பருவம் கடந்துவிடும். தேவைப்படும் குழந்தைகளுக்குக் காதின் உள்ளே கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை, 6 வயது வரை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

செவிச் சோதனைகளுள் ஒன்று குழந்தை உறங்கும்போது செய்யப்படுவது; ஆகவே பகலுறக்க நேரத்தை ஒட்டி வருவது நல்லது. சளி இருந்தால் முன்பே தெரிவியுங்கள். தாய் சேய் நல அட்டையையும் கொண்டு வாருங்கள். மூத்தவனுடையதை அன்று, இவளுடையதை.