கணனி எழுப்பும் எச்சரிக்கை ஒலி

நமது சங்கங்கள் பலவற்றில் இன்று ஒரு பழைய கணனியாவது இருக்கிறது. அங்கத்தவர் பதிவு, விதைநெற் கடன் கணக்கு, காணி உறுதிகளின் பிரதிகள் எல்லாம் அதற்குள்தான். இடம்பெயர்ந்தபோது மூல உறுதியைத் தொலைத்த குடும்பத்துக்கு அந்தப் பிரதியின் பெறுமதி சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருநாள் கணனியைப் போட்டதும் திரை இருண்டபடி நிற்க, உள்ளிருந்து 'பீப், பீப்' என்று சத்தம் வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

மின்சாரம் கிடைத்தவுடன் கணனி தன்னைத்தானே சோதிக்கிறது. நினைவகம் உண்டா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இயங்குகிறதா என்று பார்க்கிறது. திரை உயிர்பெறுமுன் குறையை எழுதிக் காட்ட முடியாதல்லவா? ஆகவே ஒலியாற் சொல்கிறது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியிலேயே இம்முறை இருந்தது. அதில் ஒரு குறுகிய ஒலி என்றால் எல்லாம் சரி. ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் என்றால் திரைப் பகுதியிற் கோளாறு.

எல்லாக் கணனிக்கும் ஒரே பாஷை இல்லை என்பதுதான் தொல்லை. 'அமி' வகையில் மூன்று ஒலிகள் நினைவகக் கோளாறைக் குறிக்கும். எட்டு ஒலிகள் திரை நினைவகத்தைக் குறிக்கும். மக்கின்ரொஷ் சிலவற்றில் ஐந்து செக்கனுக்கு ஒருமுறை ஒலித்தால் நினைவகம் பொருத்தப்படவில்லை என்பது பொருள். எனவே நீண்டது எத்தனை, குறுகியது எத்தனை என்று தாளில் எழுதி, கணனியின் பெயர், மாதிரி இலக்கத்துடன் கைந்நூலில் ஒப்பிடுவோம். புதிய கணனிகள் சில ஒலிக்குப் பதில் சிறு விளக்குகளை மினுக்குகின்றன.

பழைய மேசைக் கணனிகளில் அடிக்கடி காண்பது நினைவகத் தகடு தளர்ந்திருப்பதுதான். தூசியும் ஈரலிப்பும் அதற்குப் போதும். மின்செருகியைக் கழற்றி, வெறும் இரும்புப் பகுதியைத் தொட்டபின் தகட்டை எடுத்து, பொன்னிற விளிம்பை உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, 'கிளிக்' என இறுகும்வரை அழுத்திவிட்டாற் பலவேளை சரியாகிவிடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

திருத்துமிடத்தில் 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும்' என்றால் உடன்படவேண்டாம். இவ்வொலிகள் பெரும்பாலும் வன்தட்டை வாசிக்குமுன்னே எழுபவை. வன்தட்டை அழிப்பதால் நினைவகக் கோளாறு தீராது. பதிவுகள் அநேகமாக அப்படியே இருக்கும். தட்டை வேறொரு கணனியில் இணைத்து அவற்றைப் பிரதி எடுத்துத் தரும்படி முதலிற் கேட்போம். திருத்த வேலை அதன் பிறகு தொடங்கட்டும்.