பட்டம் போன பின்னும் பலகையை விடாதவர்

நீடாமங்கலத்துக்கு அருகே திருப்பூவனூர் என்று ஒரு பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டுள்ள ஈசுவரனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். சதுரங்கத்தில் தன்னை ஜயிப்பவரையே மணப்பது என்று உறுதி கொண்டிருந்த ராஜகுமாரியின் முன்னால், சிவபெருமான் முதிய சித்தர் வேடத்தில் வந்து அமர்ந்து, ஆடி வென்று, அவளை மணந்தார் என்பது தல புராணம். அரண்மனையில் கூடியிருந்தவர்கள், "இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த ஆட்டம்?" என்று தங்களுக்குள் நகைத்திருக்க மாட்டார்களா?

காவிரிக் கரையில் பிறந்த மற்றொரு சதுரங்க வல்லபரைக் குறித்தும் அதே கேள்வியைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் கேட்டு வந்திருக்கிறார்கள். ஸ்ரீ விசுவநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11-ந் தேதி, அந்நாளில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த மாயூரத்தில் பிறந்தவர். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்று தங்கள் ஊரைப் பற்றிப் பெருமை பேசும் ஜனங்களுக்கு அவரால் இன்னும் ஒரு பெருமை சேர்ந்தது. அவர் வளர்ந்தது சென்னையில். ஆறாவது வயதில் காய்களை நகர்த்தக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய அன்னையார்.

சதுரங்கம் பாரத நாட்டில் தோன்றிய விளையாட்டு என்பது உண்மையே. ஆயினும் ஸ்ரீ ஆனந்த் தலையெடுத்த காலத்தில் அது ருஷ்யர்களின் பிதுரார்ஜித சொத்து போலவே இருந்து வந்தது. 1988-ல் அவர் நமது தேசத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 1995-ல் நியூயார்க் நகரில் காஸ்பரோவிடம் உலகப் பட்டத்துக்காகப் போராடித் தோற்றார். பின்னர் 2000-ல் டெஹ்ரானிலும், 2007-ல் மெக்ஸிகோ நகரிலும் உலகப் பட்டம் பெற்றார். 2008-ல் கிராம்னிக், 2010-ல் டோபலோவ், 2012-ல் கெல்பாண்ட் ஆகிய மூவரையும் ஒருவர் பின் ஒருவராக எதிர்த்து அந்தப் பட்டத்தைக் காத்துக் கொண்டார்.

அப்புறம் வந்தது 2013 நவம்பர். பந்தயம் நடந்தது சென்னையில். அதாவது அவருடைய சொந்த வீட்டு வாசலில். எதிரே அமர்ந்தவர் நார்வே தேசத்து மாக்னஸ் கார்ல்ஸன், வயது 22. ஸ்ரீ ஆனந்துக்கு 43. பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூட ஸ்ரீ ஆனந்த் ஜயிக்கவில்லை, மூன்றில் தோற்றார், பட்டம் கை மாறிற்று. தம் ஊர் ஜனங்கள் பார்த்திருக்கத் தோற்பது எத்தகைய வேதனை என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் உலகப் பட்டத்துக்கு முயல வேண்டுமா என்ற தயக்கம் அவருக்கே இருந்தது. அப்போது, "ஆடத்தான் வேண்டும்" என்று அவரைத் தூண்டியவர்களில் ஒருவர், முன்னொரு சமயம் அவரிடம் தோற்ற கிராம்னிக்! 2014 மார்ச்சில் ருஷ்யாவின் காண்டி-மான்ஸிஸ்க் நகரில் எட்டு வீரர்கள் கூடிய தகுதிப் பந்தயத்தில், பதினான்கு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஸ்ரீ ஆனந்த் முதலாவதாக வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் ஸோச்சி நகரில் கார்ல்ஸனிடம் மறுபடியும் தோற்றார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"புகழ் உச்சியில் இருக்கும்போதே விலகிவிடுவது உத்தமம்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வழியில் சென்றவர் காஸ்பரோவ். உலக வரிசையில் முதலாவதாக இருந்தபோதே, 2005-ல், 41-வது வயதில் அவர் ஓய்வு பெற்றார். அதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது.

தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இந்த வாதம் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். திருக்கோடிக்காவலில் பிறந்த செம்மங்குடி ஸ்ரீநிவாசய்யர் எண்பது வயதைக் கடந்தும் மேடையில் பாடினார். "எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?" என்று கேட்பதை ரஸிகர்கள் அபசாரமாகவே கருதியிருப்பார்கள். ஆனால் சங்கீதத்துக்கும் சதுரங்கத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வித்துவானின் சாரீரம் சற்றுத் தளர்ந்தாலும் எதிரே அமர்ந்து அவரைத் தோற்கடிப்பவர் எவரும் இல்லை. சதுரங்கத்திலோ தளர்ச்சி ஏற்பட்ட அன்றே, பேரன் வயதுப் பையன் ஒருவன் நாலு பேர் அறிய அதைக் காட்டிக் கொடுத்துவிடுவான். ஐந்து, ஆறு மணி நேரம் ஒரே ஆசனத்தில் அமர்ந்து சிந்திக்க வேண்டும். கம்ப்யூட்டர் கண்டுபிடித்துத் தரும் புதுப் புது ஆரம்ப நகர்வுகளை மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். இவை இரண்டும் இளமைக்கே இசைந்தவை. ஆகையால் முதிய வீரர் பலகையை விடாதிருப்பதற்கு, தோல்வியைத் தாங்கும் நெஞ்சுரம் முதலில் வேண்டும்.

அந்த உரம் ஸ்ரீ ஆனந்திடம் இருந்தது. 2017 டிசம்பரில் லண்டன் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது கடைசி இடங்களில் ஒன்று. "இனி என்ன?" என்று பலரும் எண்ணிய அந்த மாதத்திலேயே அவர் ரியாத் நகருக்குச் சென்றார். அங்கே நடந்தது உலகத் துரித சதுரங்கப் பந்தயம். ஆட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிஷமும், நகர்வுக்குப் பத்து விநாடியுமே அவகாசம். பதினைந்து சுற்றுகளிலும் தோல்வியே இன்றி, நடுவில் கார்ல்ஸனையும் வென்று, 48-வது வயதில் உலகத் துரித சதுரங்க வீரர் என்ற பட்டத்தை அவர் கைப்பற்றினார்.

மாயூரத்தில் முடவன் முழுக்கு என்று ஒன்று உண்டு. ஐப்பசி மாதம் முழுதும் காவிரியில் துலா ஸ்நானம் நடக்கும். நடக்க இயலாத ஒரு பக்தன், மாதம் கழிந்த மறுநாள்தான் நதிக்கரை வந்து சேர்ந்தானாம். அவனுக்கும் முழுப் பலனையும் அருளினார் இறைவன் என்பது ஐதிகம். அதனால்தான் கார்த்திகை முதல் தேதியன்றும் ஜனங்கள் அங்கே நீராடுகிறார்கள். பருவம் முடிந்த பின்னும் பலன் உண்டு என்பதை அறிந்த ஊரில் பிறந்தவர் அல்லவா அவர்!

அதன் பிறகு அவர் முறையாக விடை பெறவும் இல்லை. பழைய ஸ்தானத்தை விடாப்பிடியாகப் பற்றிக் கொண்டிருக்கவும் இல்லை. பந்தயங்களைக் குறைத்துக் கொண்டு, மனத்துக்கு உகந்தவற்றில் மட்டும் ஆடலானார். 2020-ல் இளைஞர்களைப் பயிற்றும் பணியை மேற்கொண்டார். 2022-ல் நார்வே பந்தயத்தில், 52-வது வயதில், மூன்றாவது இடம் பெற்றார். அவ்வருஷமே உலகச் சதுரங்க சம்மேளனத்தின் உப தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1986 முதல் 37 ஆண்டுகள் இந்திய வரிசையில் அவர் வகித்த முதலிடம், 2023 செப்டம்பரில் சென்னைச் சிறுவர் குகேஷிடம் சென்றது. அந்தக் குகேஷ் அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர்!

2025 அக்டோபரில் அமெரிக்காவின் ஸெயிண்ட் லூயிஸ் நகரில், நியூயார்க் போட்டி நடந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், காஸ்பரோவும் ஸ்ரீ ஆனந்தும் மீண்டும் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஜயித்தவர், இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட காஸ்பரோவ்தான். விடாமல் ஆடியவருக்கே வெற்றி என்று நீதி சொல்ல நினைப்பவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தோல்வியால் ஸ்ரீ ஆனந்தின் கீர்த்தியில் ஓர் அணுவும் குறைந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

கீர்த்தி என்பது பத்தாயத்தில் பூட்டி வைக்கும் நெல் அன்று. விதைநெல்லைச் சேற்றில் வீசத் தயங்குகிற மிராசுதாருக்கு மறு போகம் ஏது? சென்னையில் அந்த 2013 பந்தயம் நடந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்துக் கொண்டிருந்தான். ஒரு நாள் தானும் உள்ளே அமர வேண்டும் என்று ஆசை கொண்டான். அவன்தான் குகேஷ். 2024 டிசம்பர் 12-ந் தேதி ஸிங்கப்பூரில், சீன வீரர் டிங் லிரெனை வென்று, 18-வது வயதில் அவர் உலகப் பட்டம் பெற்றார். ஒரே ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்த தேசத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் தோன்றிவிட்டனர்.

வென்ற ஆட்டங்களால் ஸ்ரீ ஆனந்த் நமக்குப் பெருமை தேடித் தந்தார். தோற்ற ஆட்டம் ஒன்றால் நமக்கு ஓர் உலக வீரரையே தந்தார். தோல்விக்கு அஞ்சிப் பலகையை மூடி வைத்திருந்தால் இந்த இரண்டாவது விளைச்சல் ஏது? அவர் விரும்பும்வரை ஆடட்டும். ஜயாபஜயத்தைக் கணக்கிடாமல் நாமும் பார்த்து மகிழ்வோம்.