கராத்தே மட்டும் போதுமா?

"கராத்தே தெரிந்தால் உண்மையான சண்டையில் தப்பலாமா, ரீச்சர்?" என்று என்னிடம் பழகும் பெண்கள் கேட்பதுண்டு. ஆண்துணையின்றி வாழும் எங்கள் சகோதரிகளுக்கு இது விளையாட்டுக் கேள்வியல்ல. குத்து, உதை, மல்யுத்தம் மூன்றையும் அனுமதிக்கும் கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிகளில் இதற்கு விடை உண்டு.

பிரேசில் வீரர் லியோட்டோ மச்சிடா தந்தையிடம் கராத்தே கற்றவர். எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்பார்; அவர் நெருங்கும் கணத்தில் பாய்ந்து தாக்குவார். 2009இல் யூ.எவ்.சி. பட்டத்தை வென்றார். தூரத்தையும் தருணத்தையும் கணிப்பதே கராத்தே தரும் பலம். தாக்க வருபவனிடமிருந்து விலகி ஓடுவதற்கும் அதுவே உதவும்.

அமெரிக்கப் பெண்மணி மிஷெல் வோட்டர்சனும் சிறுவயதிலேயே கராத்தே பழகியவர். 2011இல் தாயானார், 2013இல் இன்விக்டா பட்டத்தை வென்றார். ஆனால் அவருக்கு வெற்றி தந்தது உதையல்ல, நிலத்தில் கிடந்தபடி எதிராளியின் கையைப் பூட்டிய பிடி. கராத்தேக்கு அப்பால் அவர் தேடிக் கற்ற வித்தை அது.

ஆகவே சகோதரிகளே, கராத்தே வகுப்பில் தயங்காமல் சேருங்கள். சேரும்போதே ஆசிரியரிடம் கேளுங்கள்: "கையைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது, கீழே விழுத்தினால் எப்படி எழும்புவது என்றும் சொல்லித் தருவீர்களா?"