பேசிக்கொண்டே ஓடுவோர்

ஓட்டம் என்றதும் நம் மனக்கண் முன் எழுவது பந்தயமே. சுண்ணாம்புக் கோடு, ஊதல் ஒலி, முதலில் வந்தவனுக்குப் பரிசு, கடைசியில் வந்தவனுக்கு ஏளனச் சிரிப்பு ஆகியவற்றைப் பள்ளி விளையாட்டு விழாக்களில் கண்டு பழகியிருக்கிறோம். அப்பருவம் கடந்தபின் நம்மில் பெரும்பாலோர் ஓடுவதேயில்லை. பேருந்து புறப்பட்டுவிடுமோ என்ற அச்சம் துரத்தினாலன்றிக் கால்கள் விரைவதில்லை.

ஆனால் யாரையும் வெல்லும் நோக்கமின்றி, பரிசை நாடாமல், வயது வந்த ஆண்களும் பெண்களும் அன்றாடம் ஓடும் வழக்கம் ஒன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஜாகிங் என்று அதனை அழைப்பர். மெல்லோட்டம் என நாம் கூறலாம். இவ்வழக்கம் உலகெங்கும் பரவுவதற்கு ஊற்றாக அமைந்த இடங்களுள் தலையாயது நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரம். அங்கு ஓடியவர்கள் பின்பற்றிய விதி மிக எளியது: பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், பேச முடியாமற்போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இச்சிறு விதிக்குள் உடல்நலமும் நட்பும் ஒருங்கே அடங்கியிருப்பதை இங்குக் காண்போம்.

காலணித் தொழிலாளியின் சோதனை

ஆர்தர் லிடியார்ட் 1917-ஆம் ஆண்டு ஆக்லாந்தில் பிறந்தவர். காலணித் தொழிற்சாலையில் உழைத்தவர். குடும்ப வருவாய்க்காக வீடுதோறும் பால் விநியோகிக்கும் வேலையையும் செய்தவர். ரக்பி ஆடிவந்ததால் தம் உடல் உறுதியாக இருப்பதாகவே எண்ணியிருந்தார். ஒருநாள் ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர் அவரை ஐந்து மைல் தூரம் ஓட அழைத்துச் சென்றார். நண்பர் இயல்பாக ஓடினார். லிடியார்ட்டுக்கோ மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. இளமையிலேயே இந்நிலை எனில், பின்னாளில் என் கதி என்ன என்ற கேள்வி அவரை உலுக்கியது.

அன்று முதல் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கினார். குறைவாகவும் ஓடிப் பார்த்தார், அளவுக்கு மிஞ்சியும் ஓடிப் பார்த்தார். மூச்சு முட்டும் வேகத்தில் சிறிது தூரம் ஓடுவதைவிட, இதமான வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவதே உடலுக்கு உரமூட்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் வீட்டுக்கு அருகில் வாழ்ந்த இளைஞர் சிலர் அவரோடு சேர்ந்து மலைச் சாலைகளில் ஓடினர். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2-ஆம் நாள், ஒரு மணி நேர இடைவெளிக்குள் அவருடைய மாணவர் இருவர் தங்கப் பதக்கம் வென்றனர்: 800 மீட்டரில் பீட்டர் ஸ்நெல், 5,000 மீட்டரில் மர்ரே ஹால்பெர்க். ஹால்பெர்க் இளமையில் ரக்பி ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் இடக்கை வலுவிழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதய நோயாளி ஓடலாமா?

வெற்றி தேடி வந்ததும் சங்கங்கள் பலவும் லிடியார்ட்டைப் பேச அழைத்தன. கேட்க வந்தோரில் பலர் நடுவயது வணிகர்கள். நாற்காலியில் அமர்ந்தே காலம் கழித்து, தொந்தி சரிந்தவர்கள். சிலர் மாரடைப்பின் வாயில்வரை சென்று மீண்டவர்கள். மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே அன்றைய மருத்துவ வழக்கம். மாடிப்படி ஏறவும் அஞ்சி வாழ்ந்த அவர்களிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள் என்று கூறியது எத்துணைத் துணிவு!

லிடியார்ட் அவர்களை விரட்டவில்லை. ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஓடுவது, பின்பு நடப்பது, மறுபடியும் ஓடுவது என்ற அளவில் தொடங்கினாலே போதும். உடலைப் பழக்கு, ஆனால் வருத்தாதே என்பதே அவருடைய போதனையின் சாரம். பின்னாளில் ஆக்லாந்தின் மேயராக விளங்கிய காலின் கே போன்றோரின் ஊக்கத்தால், 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து மெல்லோட்டக் கழகம் உருவாயிற்று. ஞாயிறுதோறும் கடைக்காரரும் வழக்கறிஞரும், தந்தையும் மகனும், கணவனும் மனைவியும் ஒன்றாகத் திரண்டு ஓடினர்.

பின்தங்கிய பயிற்சியாளர்

1962-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் தம் வீரர்களுடன் ஆக்லாந்து வந்தார். உலகச் சாதனை புரிந்த அஞ்சல் ஓட்ட அணியை உருவாக்கிய பேராசான் அவர். வயது ஐம்பத்தொன்று. ஒரு ஞாயிறு காலை லிடியார்ட் அவரை மெல்லோட்டக் கழகத்தாரோடு ஓட அழைத்தார். பிறரை ஓடவைத்தே பழகிய பவர்மன், தாமும் ஓட இசைந்தார். சற்றுத் தூரம் சென்று மேடு ஏறத் தொடங்கியதுமே அவருடைய கால்கள் கனத்தன; மூச்சு திணறியது; கூட்டம் முன்னே போய்விட்டது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவர் அருகே வந்தார். ஆண்ட்ரூ ஸ்டீட்மன் என்ற அவர் எழுபது வயதைக் கடந்தவர். மும்முறை மாரடைப்பு கண்டு பிழைத்தவர். முன்னே செல்லும் வலிமை இருந்தும், பின்தங்கிய விருந்தினரைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவரைக் குறுக்கு வழியாக அழைத்துச் சென்று, கூட்டத்தாரோடு சேர்த்துவைத்தார்.

வாசகர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அம்முதியவர் தம் வேகத்தைக் காட்ட விரும்பியிருந்தால் பவர்மன் வெட்கத்தோடு திரும்பியிருப்பார். அவர் வேகத்தைக் குறைத்ததால் அன்றோ விருந்தினர் மறுநாளும் ஓட வந்தார்! நியூசிலாந்தில் தங்கியிருந்த வாரங்களில் பவர்மன் நாள்தோறும் ஓடினார். எடை குறைந்தது, உடல் இலகுவாயிற்று. 1963-இல் ஊர் திரும்பியதும் தம் ஊராரை ஞாயிறுதோறும் ஓட அழைத்தார். கூட்டம் பெருகப் பெருக, பயிற்சியற்ற எவரேனும் ஓடி உயிரிழந்துவிடுவரோ என்று அஞ்சி, அதை நிறுத்திவைத்தார். பின்பு இதய மருத்துவரான வால்டோ ஹாரிஸுடன் சேர்ந்து முறையான பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். அவ்விருவரும் 1967-இல் வெளியிட்ட மெல்லோட்டம் பற்றிய நூல் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. இன்று காலை வேளைகளில் பூங்காக்களில் ஓடுவோர் பலருக்கும், தாம் அறியாமலே, அந்த முதியவரோடு ஓர் உறவு உண்டு.

பேச்சு என்னும் அளவுகோல்

பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்ற விதிக்கு உடலியல் காரணமும் உண்டு. மெதுவாக ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய பிராணவாயுவை இதயமும் நுரையீரலும் தடையின்றி அளித்துவிடுகின்றன. வேகம் கூடும்போது, தசைகள் பிராணவாயுவின் துணையின்றியும் ஆற்றலைத் திரட்ட முற்படுகின்றன. இரத்தத்தில் சேரும் கரியமிலவாயுவை வெளியேற்ற மூச்சு விரைகிறது. அந்நிலையில் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி முடிக்க இயலாது. ஆகவே வாய்ப் பேச்சு விலையில்லாத ஓர் அளவுமானி. அதற்கு ஓர் உடனோடி வேண்டும் என்பதுதான் அதன் சிறப்பு.

மெல்லோட்டம் பயில்வோரின் அன்றாட வாழ்வு ஆரவாரமற்றது. இருள் பிரியுமுன் விழிக்க வேண்டும். போர்வையை விலக்குவதே அன்றைய முதற் போராட்டம். மழை பெய்தால் அது இரட்டிப்பாகும். அவ்வேளையில் எழவைப்பது பெரும்பாலும் மனவுறுதி அன்று. தெருமுனையில் நண்பர் ஒருவர் காத்து நிற்பார் என்ற நினைவே. அரை மணி நேர ஓட்டத்தில் மகளின் தேர்வு, அலுவலகத் தொல்லை, தாயின் மூட்டுவலி ஆகிய எல்லாம் பேசப்படும். எதிரெதிரே அமர்ந்து சொல்லத் தயங்குவதை, ஒரே திசை நோக்கி அருகருகே ஓடும்போது எளிதாகச் சொல்லிவிடலாம். முகம் பார்க்க வேண்டியதில்லை, இடையே மௌனம் வந்தாலும் உறுத்துவதில்லை. ஒருவர் இரு நாள் வரவில்லையெனில், மூன்றாம் நாள் அவர் வீட்டுக் கதவு தட்டப்படும். முதுமையில் தனிமையே பெருநோயாக வாட்டும் இக்காலத்தில், நம்மைத் தேடி வர ஒருவர் இருக்கிறார் என்பது சிறிய செல்வமா?

கடலோரத் திருநாள்

இவ்வாறு ஆண்டு முழுவதும் சிறு சிறு குழுக்களாய் ஓடுவோர் ஒருநாள் பெருங்கூட்டமாய்க் கூடுவதே உல்லாச ஓட்டம். ஆக்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்த விரிகுடா ஓட்டம் அத்தகையது. தென்கோளத்தில் கோடை விடைபெறும் மார்ச் மாதத்தில், நகரின் துறைமுகப் பகுதியிலிருந்து கடலோரச் சாலை வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடி, செயிண்ட் ஹீலியர்ஸ் கடற்கரையை அடைவர். பல்லாயிரவர் பங்கேற்ற ஆண்டுகள் பல.

வழியெங்கும் கண்ணுக்கு விருந்து. இடப்பக்கம் வைட்டமாட்டா துறைமுகத்தின் நீலநீர். அதற்கப்பால், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கடலினின்று எழுந்த ராங்கிடோட்டோ எரிமலைத் தீவு. சாலையோரம் நிற்கும் போஹுட்டுகாவா மரங்கள் டிசம்பரில் செந்நிறப் பூக்களைச் சொரிபவை. மார்ச்சில் நிழல் தருபவை. இடையில் வரும் மிஷன் பே என்னும் கடற்கரைக்கு, மெலனேசியத் தீவு இளைஞர்க்காக ஆங்கிலிக்கச் சபையார் 19-ஆம் நூற்றாண்டில் நடத்திய மிஷன் பள்ளியால் அப்பெயர் வந்தது. அதன் கற்கட்டடம் இன்றும் நிற்கிறது.

முன்வரிசையில் விரைந்தோடும் வீரரும் உண்டு. ஆனால் விழாவின் அழகு பின்வரிசையில்தான்: குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடும் தாய், பேரனின் கைபிடித்து நடக்கும் தாத்தா, கோமாளி வேடமிட்ட அலுவலக நண்பர்கள். ஓட்டம் முடிந்ததும் கடற்கரைப் புல்வெளியில் அடுப்பு மூட்டி, உணவு சமைத்துப் பகிர்ந்துண்பர். யார் முந்தினார் என்ற கேள்வியைவிட, எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்ற கேள்வியே அங்குப் பெரிது.

மறக்கலாகாத எச்சரிக்கை

ஓட்டம் உயிர்காக்கும் மந்திரம் அன்று. 1977-இல் ஓட்டத்தைப் பற்றிப் புகழ்மிக்க நூல் எழுதிய அமெரிக்கர் ஜிம் ஃபிக்ஸ், 1984 ஜூலை 20-ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில், ஓட்டத்தின்போதே மாரடைப்பால் இறந்தார். அவருடைய இதயத் தமனிகள் பெரிதும் அடைபட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அவர் தந்தைக்கு முப்பத்தைந்து வயதிலேயே மாரடைப்பு வந்தது, நாற்பத்துமூன்றில் மறைந்தார். அவரும் முன்பு பெருமளவு புகைத்தவர். பரம்பரையும் பழைய பழக்கமும் விட்டுச்சென்ற கேட்டை ஓட்டத்தால் முற்றிலும் துடைக்க இயலவில்லை. ஆகவே நாற்பதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும், நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உடையவர்களும் மருத்துவரைக் கண்ட பின்பே தொடங்க வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் அக்கணமே நின்று, அருகிலிருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும், மறைப்பது வீரமன்று.

ஓட இயலாதவர் நடக்கலாம். விதி அவர்க்கும் அதுவே: பேசிக்கொண்டு செல்லும் வேகம். பெற்றோர் பிள்ளைகளோடும், கணவன் மனைவியோடும் நாளுக்கு அரை மணி நேரம் இங்ஙனம் சென்றால், இதயம் வலுப்பெறுவதோடு இல்லத்தில் அடைபட்ட பேச்சும் திறந்துகொள்ளும். அவர்களுள் யார் மெதுவாகச் செல்பவரோ அவருடைய நடையையே மற்றவர் தம் நடையாக்கிக்கொள்ளட்டும். வலியவர் வேகத்தைக் குறைப்பது அவர்க்கு இழப்பன்று. அக்குறைந்த வேகத்தில்தான் இருவரும் ஒன்றாக ஊர் சேர முடியும்.