சாகேல் மழையும் ஏழாயிரம் பலூன்களும்

ஆப்பிரிக்க வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சகாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டி, செனகலிலிருந்து சூடான் வரை ஒரு பட்டைபோல் நீளும் நிலப்பகுதிதான் சாகேல். அரபு மொழியில் இச்சொல்லுக்குக் 'கரை' என்று பொருள். ஆம், மணல் கடலின் கரை! இங்குள்ள உழவர்களும் மேய்ப்பர்களும் நம்பியிருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையை மட்டுமே.

1968 முதல் பல ஆண்டுகள் அந்த மழை பொய்த்தது. பயிர்கள் கருகின, கால்நடைகள் மடிந்தன, மக்களும் பசிக்கு இரையாயினர். 1984-இல் மீண்டும் கடும் வறட்சி.

மழை ஏன் பொய்த்தது? 1975-இல் அமெரிக்க வானிலை அறிஞர் ஜூல் சார்னி ஒரு விளக்கம் தந்தார். ஆடுமாடுகள் புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டால் வெறும் மணல் வெளிப்படும். மணல், புல்தரையைவிட அதிகமாகச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். தரை பெறும் வெப்பம் குறையும், காற்று மேலெழாமல் கீழிறங்கும், மேகம் திரளாது. அப்படியானால் பழி யார் மீது? மேய்ப்பர்கள் மீது!

ஆனால், 2003-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. 1930 முதல் 2000 வரையிலான கடல்மேற்பரப்பு வெப்பநிலைகளைக் கணிப்பொறி மாதிரிக்குக் கொடுத்தார்கள். சாகேல் மழையின் நீண்டகால ஏற்ற இறக்கம் அதில் பெருமளவு வெளிப்பட்டது. வறட்சிக்கு முதற்காரணம் கடல்களே. தரையின் நிலை அதைத் தீவிரப்படுத்தியது. பார்த்தீர்களா, சரியான அளவீடு ஒரு பழியையே மாற்றிவிட்டது!

அளவீடு எளிதன்று. மேல்காற்றின் நிலையை அறிய, கருவி கட்டிய பலூனைப் பறக்கவிட வேண்டும். அது மேலேறியபடியே வெப்பம், ஈரப்பதம் முதலியவற்றை வானொலி அலைகள் மூலம் தெரிவிக்கும், இறுதியில் வெடித்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுப் பலூன், புதுக் கருவி வேண்டும். ஏழை நாடுகளுக்கு இது பெருஞ்செலவு. எனவே, பல நிலையங்கள் செயலற்றுக் கிடந்தன.

இந்நிலையை மாற்றச் சாகேல் நாடுகள் கைகோத்தன. 1974-இல் நைஜர் நாட்டுத் தலைநகர் நியாமேயில், வேளாண்மைக்கும் நீர்வளத்துக்கும் உதவும் வானிலைப் பயிற்சி மையமாக 'அக்ரிமெட்' தோன்றியது. 1987-இல் ஆப்பிரிக்கா முழுமைக்குமான வானிலைப் பயன்பாட்டு மையம் நிறுவப்பட்டது. அதற்கும் நியாமேயே இருப்பிடமாயிற்று.

2006-இல் 'அம்மா' என்ற பன்னாட்டு ஆய்வு உச்சநிலையை அடைந்தது. ஆப்பிரிக்கப் பருவமழையைப் பல துறையினர் சேர்ந்து ஆராயும் திட்டம் இது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே 'அம்மா' ஆயின! ஆப்பிரிக்க, ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் இதில் இணைந்தனர். நியாமே, அகாடெஸ், தமாலே, கொட்டோனு முதலிய இடங்களிலிருந்து பலூன்கள் ஏறின. ஜூன் முதல் செப்டம்பர் வரை நடந்த அளவீடுகள் சுமார் 7000! மேற்கு ஆப்பிரிக்க வானம் அதற்குமுன் அவ்வளவு நெருக்கமாக அளக்கப்பட்டதில்லை.

ஆனால், விருந்தினர் விடைபெற்றபின் என்ன செய்வது? ஓரிடத்தின் தட்பவெப்ப இயல்பை அறிய 30 ஆண்டுப் பதிவுகள் தேவை. ஒரு பருவத்துப் பரபரப்பு போதாது. கருவியைப் பழுதுபார்க்கவும் கணக்கை ஆராயவும் அம்மண்ணிலேயே ஆட்கள் வேண்டும். 2012-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் ஜெர்மனியும் சேர்ந்து 'வாஸ்கல்' என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கியதன் நோக்கமும் இதுவே. அங்குள்ள பல்கலைக்கழகங்களிலேயே இளம் ஆய்வாளர்களை அது உருவாக்குகிறது.

அடுத்த வறட்சியின் அறிகுறியை முதலில் காணப்போவது அவர்களில் ஒருவராக இருக்கலாம் அல்லவா?